பஸ் வராத பாதை

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் வழியில் தார் ரோட்டை விட்டு இறங்கினால் மண் பாதைதான். இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம். ஈ, காக்கை கிடையாது. ஸ்பெயினில் 1993 முதல், ரயில் ஓடாத பழைய தடங்களைத் திருத்தி சைக்கிளுக்கு விட்டிருக்கிறார்கள். கார் தொல்லை இல்லாமல் மிதிக்க ஜனங்கள் தேடிப் போகிறார்கள். நம் வானம் பார்த்த பூமியில் அதே பாதைக்குப் பெயர் வேறு... பஸ் வராத ஊர்!

அந்தத் தூரத்தை ஜெயித்துக் காட்டியவர்கள், இன்னொரு வறண்ட சீமையான புதுக்கோட்டைப் பெண்கள். 1991-ல் அங்கே எழுத்துச் சொல்லித்தர வந்த அறிவொளி இயக்கம், கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் சைக்கிளும் சொல்லிக்கொடுத்தது. ஊர் கேலி பேசியது. பேசட்டுமே! ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் கற்றுக்கொண்டார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காவிட்டால் ஜென்ட்ஸ் சைக்கிள். முன் பாரில் குழந்தையை உட்கார வைக்கலாமே! தண்ணீர் எடுக்க, விளைந்ததை விற்க, பஸ்ஸையோ புருஷனையோ எதிர்பார்க்க வேண்டாம்.

2001-02-ல் பிளஸ் ஒன், பிளஸ் டூ படிக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவிகளுக்கு அரசே சைக்கிள் கொடுக்க ஆரம்பித்தது. பிறகு மற்ற மாணவர்களுக்கும். இன்றைக்குத் திருச்சுழிப் பக்கம் ஒரு பெண் சைக்கிளில் பள்ளிக்கூடம் போனால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதுதானே வெற்றி?