ஞாயிற்றுக்கிழமை யார் அளந்தது?

"ஞாயிற்றுக்கிழமை யார் அளந்தது?" என்று அந்த நடுவர் கேட்டபோது, என் குழுவின் ஐந்து பிள்ளைகளும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

1990களின் நடுவில் நடந்த மாவட்ட அளவிலான குழந்தைகள் அறிவியல் மாநாடு அது. எங்கள் ஆய்வு சாதாரணமானதுதான். கோட்டூர்புரத்தில் ஒரு தெரு, இருபது வீடு, முப்பது நாள். ஒரு வீட்டிலிருந்து தினமும் எவ்வளவு குப்பை வெளியே வருகிறது என்று எடை போட்டோம். தராசு காய்கறிக்காரரிடம் இரவல். நான்கு சார்ட்டுகளையும் ஸ்கெட்ச் பேனாவால் இழைத்து இழைத்து எழுதியிருந்தோம். நடுவர் அவற்றை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. களக் குறிப்பேட்டைக் கையில் எடுத்துக்கொண்டார். முப்பது நாளுக்கும் எண் இருந்தது. அந்த முப்பதில் நான்கு ஞாயிறு, ஒரு ஆயுதபூஜை. ஆயுதபூஜைக்கு மறுநாளும் வழக்கமான எடையேதான்.

"உங்க தெருவிலே யாரும் பூசணிக்காய் உடைக்கலையா, வாழைக்கன்று கட்டலையா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

பிள்ளைகள் விட்டுப்போன நாட்களுக்கெல்லாம் எண் போட்டுக் கொடுத்தவள் நான். அட்டவணையில் ஓட்டை இருந்தால் அசிங்கம் என்று நினைத்தேன். பள்ளிக்கூடத்தில் அறிவியல் ஆசிரியை என்றால் அதுவரை எனக்குத் தெரிந்தது கண்காட்சிதான். தெர்மாகோல், ஃபெவிகால், செய்தித்தாள் கூழில் ஒரு எரிமலை, அதன் வாயில் ஆப்பசோடாவும் வினிகரும். விருந்தினர் வரும்போது எரிமலை பொங்க வேண்டும். பொங்கிற்றென்றால் பரிசு. அதற்கு எதற்குக் குறிப்பேடு?

இத்தனைக்கும் எங்கள் பகுதியைப்போல அறிவியலுக்கு நடுவில் குடியிருக்கும் இடம் சென்னையில் வேறில்லை. ஒருபக்கம் அண்ணா பல்கலைக்கழகம், தோல் ஆராய்ச்சி நிலையம். இன்னொரு பக்கம் ஐஐடி. கொஞ்சம் தள்ளித் தரமணியில் கணித அறிவியல் நிறுவனம். காந்தி மண்டபம் சாலையிலேயே பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மையம். 1988இல் அங்கே பிர்லா கோளரங்கம் திறந்தபோது, வகுப்பு வகுப்பாகப் பிள்ளைகளை நடத்தியே கூட்டிப்போனோம். உள்ளே இருட்டியதும் கத்துவார்கள், நட்சத்திரம் வந்ததும் அடங்கிவிடுவார்கள். ஆனால் அந்தச் சுவர்களுக்குள் வேலை பார்க்கும் ஒரு ஆராய்ச்சியாளரோடு அடையாற்றங்கரைப் பிள்ளை ஒருத்தி எதிரெதிரே நின்று பேசியது, எனக்குத் தெரிந்து, அந்த மாநாட்டில்தான் முதன்முதலாக.

அந்த மாநாடு வந்த வழியைச் சொல்ல வேண்டும். மத்தியப் பிரதேசத்தில் குவாலியர் அறிவியல் மையத்துக்காரர்கள் தங்கள் வட்டாரத்தில் பிள்ளைகளை வைத்து நடத்திப் பார்த்த யோசனை அது. மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறையில், அறிவியல் பரப்புவதற்கென்றே 1982இல் ஒரு தேசியக் குழு அமைந்திருந்தது. அதன் ஆதரவில் இயங்கிய அமைப்புகளின் கூட்டமைப்பு, 1993இல் இதை நாடு முழுவதற்கும் எடுத்துச் சென்றது. தமிழ்நாட்டில் பொறுப்பேற்றது தமிழ்நாடு அறிவியல் இயக்கம். 1980இல் இதே ஐஐடி, தரமணி வட்டாரத்து ஆராய்ச்சியாளர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து தொடங்கியது. 1987இலிருந்து பிள்ளைகளுக்காகத் 'துளிர்' இதழும் நடத்திக்கொண்டிருந்தது. அறிவொளி எழுத்தறிவு இயக்கத்துக்காக ஊர் ஊராகச் சுற்றியவர்கள் என்பதால், மாவட்டத்துக்கு மாவட்டம் அவர்களுக்கு ஆள் இருந்தது. அது இல்லாவிட்டால் இது நகரத்துக் கான்வென்ட்டுகளோடு நின்றிருக்கும் என்பது என் எண்ணம்.

விதிகளை முதலில் படித்தபோது எனக்கு நம்பிக்கையே வரவில்லை. வயது 10இலிருந்து 17. பள்ளிக்கே போகாத பிள்ளையும் சேரலாம். தாய்மொழியில் பேசலாம், டில்லி வரை போனாலும். விலைகொடுத்து வாங்கிய கருவி, அலங்கார மாடல் எதற்கும் மதிப்பெண் கிடையாது. சொந்த ஊர்ப் பிரச்சினையை எடுத்துக்கொண்டு அளக்க வேண்டும், எண்ண வேண்டும், வீடு வீடாகக் கேட்க வேண்டும். பிறகு சில நிமிடங்களுக்குள் சொல்லி முடிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இதைத் தனியாகச் செய்யக்கூடாது; ஐந்து பேர் வரை ஒரு குழு.

அந்த ஐந்து என்ற எண்ணில்தான் சூட்சுமம் இருந்தது. முதல் மார்க் வாங்கும் பெண்ணை மட்டும் வைத்துக்கொண்டு இது நடக்காது. குப்பையை எடை போட ஒருவன் வேண்டும், அவனுக்கு நாற்றம் பொறுக்க வேண்டும். தெருவில் மாமிகளிடம் பேச்சுக்கொடுக்க ஒருத்தி வேண்டும். பெருக்கல் கணக்கு தெரிந்தவன், கையெழுத்து நன்றாக இருப்பவள், இவர்களை நாலு மணிக்குக் கூட்டிச் சேர்க்கும் ஒரு முரடன். என் வகுப்பில் கடைசி பெஞ்சில் இருந்தவனுக்கு அந்தத் தெருவில் எந்த வீட்டு நாய் கடிக்கும் என்று தெரியும். அவனில்லாமல் ஆய்வே இல்லை.

என் அக்கா பேத்தி அமெரிக்காவில் படிக்கிறாள். அங்கே 'சயின்ஸ் ஒலிம்பியாட்' என்று ஒன்று, 1980களின் நடுவில் தேசிய அளவில் தொடங்கியது. ஒரு பள்ளி அணிக்குப் பதினைந்து பேர், ஒரே நாளில் இருபத்து மூன்று போட்டிகள். ஒருத்தி ஒரு பொருளைப் பார்த்து அதைச் செய்யும் முறையை எழுதுவாளாம். பொருளையே பார்க்காத இன்னொருத்தி அந்த எழுத்தை மட்டும் படித்து அதைக் கட்ட வேண்டுமாம். கேட்க ஆசையாக இருந்தது. எங்கள் பிள்ளைகள் வெளுத்து வாங்கியிருப்பார்கள். ஆனால் அது அன்றைக்கு அன்றே முடிகிற ஆட்டம். எங்களுடையது மூன்று மாதம் தெருவில் கிடந்து, பிறகு பத்து நிமிடம் மேடையில் நிற்பது.

எங்கள் ஏற்பாட்டிலும் ஒரு கல் உண்டு. அப்போது டிசம்பர் கடைசி வாரம் நடந்த தேசிய மாநாட்டுக்குக் குழுத் தலைவர் மட்டும்தான் ரயிலேறுவார். மீதி நான்கு பேர் ஸ்டேஷனில் கையசைக்க வேண்டும். எங்கள் குழு ஒன்றும் அவ்வளவு தூரம் போனதில்லை. ஆனால் போன குழுக்களை வழியனுப்பியிருக்கிறேன். அந்த நால்வர் முகத்தைப் பார்க்காமல் பெட்டியின் எண்ணைப் படித்துக்கொண்டிருப்பேன். பின்னாளில் குழுவையே இருவராகக் குறைத்துவிட்டார்கள். இரண்டு பேரில் நாய் தெரிந்தவனுக்கு ஏது இடம்?

இரண்டு ஆண்டுக்கு ஒரு மையக் கருப்பொருள் வரும். தண்ணீர், பல்லுயிர், நிலம், எரிசக்தி என்று ஒவ்வொன்றாகப் போய், 2014, 2015க்கு வந்தது 'வானிலையும் காலநிலையும்'. ஓய்வுக்கு முந்தைய என் கடைசிக் குழு அது. மழைமானி செய்தார்கள். இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டிலின் தலையை அறுத்து, கவிழ்த்து உள்ளே செருகினால் புனல். பாட்டிலின் அடி மேடுபள்ளமாக இருக்கும் என்பதால் கூழாங்கல் போட்டுச் சமன்வரை தண்ணீர் ஊற்றி, அங்கே பூஜ்யம். மேலே ஒட்டிய ஸ்கேலில் 15 செ.மீ. வரைதான் அளக்க முடியும். வானிலைக்காரர்கள் வழக்கப்படி காலை 8.30க்குப் படிக்க வேண்டும். ஆற்றை ஒட்டிய குடியிருப்பின் மூன்றாவது மாடிக்கு மேலே, மொட்டைமாடியில் வைத்தோம்.

மாவட்டச் சுற்றிலேயே தோற்றோம். நான் விட்டுவிட்டேன். பிள்ளைகள் விடவில்லை. 2015 நவம்பர் நடுவில் ஒரு ராத்திரி பாட்டில் வழிந்துவிட, அன்றிலிருந்து நிறைவதற்குள் கொட்டிவிட்டுக் குறித்து வைக்கப் பழகிக்கொண்டார்கள். அந்த நவம்பரில் மட்டும் மீனம்பாக்கத்து வானிலை நிலையத்தில் நூறு செ.மீ.க்கு மேல் பதிவானது.

டிசம்பர் 1. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி திறந்தார்கள் என்பது அரசுக் கணக்கு. அது அடையாற்றில் வந்தபோது கோட்டூர்புரத்தில் கீழ்த்தளங்கள் முழுகிப்போயின. என் வீட்டிலும் இருபது வருடத்துக் குறிப்பேடுகள், அந்த ஞாயிற்றுக்கிழமைக் குறிப்பேடு உட்பட, கூழாகிவிட்டன.

பத்து நாள் கழித்துத்தான் அந்தக் குழுவின் பையன் ஒருவனைப் பார்த்தேன். அவர்கள் நோட்டைப் பால் பாக்கெட் கவரில் சுற்றி, மாடியில் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே வைத்திருந்தார்களாம். பிரித்துக் காட்டினான். டிசம்பர் 1, சாயங்காலம்: 15 செ.மீ., கொட்டியாச்சு. அடுத்த கட்டம் காலி.

"இது என்னடா?"

"ராத்திரி மறுபடி நிறைஞ்சிருந்தது மிஸ். எப்போ நிறைஞ்சுதுன்னு தெரியலை. அப்போ கீழ் வீட்டுப் பாட்டியை நாற்காலியோட தூக்கிட்டு வந்துட்டிருந்தோம்."

அவன் குடும்பத்துக்குப் பெரும்பாக்கத்தில் மாற்று வீடு ஒதுக்கப்போகிறார்கள், ஜனவரியில் போய்விடுவோம் என்றான். நோட்டை என்னிடமே கொடுக்க வந்திருந்தான். எனக்கு அந்த வெற்றுக் கட்டம் உறுத்தியது. பழக்கதோஷம். அன்றைய செய்தித்தாள் என்னிடம் இருக்கிறது, மீனம்பாக்கத்து அளவிலிருந்து 15ஐக் கழித்து அதில் எழுதிவிடலாமே என்றேன்.

"அது மீனம்பாக்கத்து மழை மிஸ்" என்றான்.