பத்திரம் யார் பெயரில் இருக்கிறது?

"இனிமேல் என் மருமகளை கேட்டுக்குள் விடாதே" என்று ஒரு பிளாட் உரிமையாளர் நம் செக்யூரிட்டியிடம் சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். பத்திரம் அவர் பெயரில். மெயின்டனன்ஸ் கட்டுபவரும் அவரே. செக்யூரிட்டி உடனே அசோசியேஷன் செயலாளருக்கு போன் போடுவார். செயலாளர் என்ன பதில் சொல்வது? இதற்குத் தெளிவான விடை கிடைக்க நம் நாட்டுக்கு 37 ஆண்டுகள் பிடித்தன.

1983 வரை, கணவன் வீட்டுக் கொடுமைக்கென்று தனிச் சட்டப்பிரிவே கிடையாது. தெருச் சண்டைக்கு எந்தப் பிரிவோ அதேதான் இதற்கும். "குடும்ப விஷயம், பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்று காவல் நிலையத்திலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எழுபதுகளின் இறுதியில், வரதட்சிணைக்காக இளம்பெண்கள் தீயில் மாண்டதைக் கண்டித்து டெல்லியில் பெண்கள் தெருவில் இறங்கினார்கள். அதன் பிறகு வந்ததுதான் 498ஏ பிரிவு: கொடுமை செய்யும் கணவனுக்கும் அவன் உறவினருக்கும் 3 ஆண்டுகள் வரை சிறை. (2024 ஜூலை முதல் இது பாரதிய நியாய சன்ஹிதாவின் 85-ஆவது பிரிவு.) தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் 1992-இல் சென்னை ஆயிரம் விளக்கில் திறக்கப்பட்டது.

ஆனால் 498ஏ கணவனைச் சிறைக்கு அனுப்புமே தவிர, புகார் கொடுத்த பெண் அன்று இரவு எங்கே தங்குவாள் என்பதற்கு அதில் வழி இல்லை. திரும்பி வந்தால் வீடு பூட்டியிருக்கும். நம் பெண்கள் அடியைப் பொறுத்துக்கொண்டதற்கு "பொறுமை" என்று பெயர் சூட்டினோம். போக்கிடம் இல்லாததுதான் காரணம் என்பது என் எண்ணம்.

2002-இல் ஒரு மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்தது. அதைப் படித்தால் உங்களுக்கே கோபம் வரும். "வழக்கமாக" அடித்தால்தான் வன்முறையாம்! அதிலும், தன்னையோ சொத்தையோ பாதுகாக்கவே அப்படி நடந்தேன் என்று கணவன் சொல்லித் தப்பவும் இடம் இருந்தது. பெண்கள் அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன. 2004-இல் மக்களவை கலைந்தபோது மசோதாவும் காலாவதியானது. நல்லதாகப் போயிற்று.

அதற்குப் பதிலாக வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005-இல் நிறைவேறி, 2006 அக்டோபர் 26 அன்று நடைமுறைக்கு வந்தது. உடலில் விழும் அடி மட்டுமல்ல, ஓயாத ஏச்சு, செலவுக்குப் பணம் தராமல் வாட்டுவது, பாலியல் கொடுமை எல்லாமே அதில் வன்முறைதான். மனைவி மட்டுமல்ல, தாய், சகோதரி, மகளும் இதன் கீழ் வழக்குப் போடலாம். ஆனால் நமக்கு முக்கியமானது 17-ஆவது பிரிவு: வீட்டில் அவளுக்குச் சொத்துரிமை இருந்தாலும் இல்லாவிட்டாலும், பகிர்ந்து வாழும் வீட்டில் தங்கும் உரிமை உண்டு. சட்டப்படியான நடவடிக்கை இல்லாமல் அவளை வெளியேற்ற முடியாது.

சட்டம் வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. டெல்லியில் மாமியார் பெயரில் இருந்த வீட்டில் வசித்த ஒரு மருமகளின் வழக்கில், அந்த டிசம்பரிலேயே உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. கணவனுக்குச் சொந்தமான வீடு, அவன் வாடகைக்கு எடுத்த வீடு, அல்லது அவன் உறுப்பினராக உள்ள கூட்டுக் குடும்பத்தின் வீடு என்றால்தான் அவளுக்கு உரிமையாம். பெற்றோர் பெயரில் பிளாட் இருந்தால்? உரிமை இல்லை! நம் வளாகத்திலேயே எத்தனை பிளாட்டுகள் அப்படி இருக்கின்றன, எண்ணிப் பாருங்கள்.

14 ஆண்டுகள் அந்தத் தீர்ப்பே நின்றது. 2020 அக்டோபர் 15 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு அதை ரத்து செய்தது. மாமனார் பெயரில் வீடு இருந்தாலும், அவள் அங்கே நிலையாகக் குடும்பம் நடத்தியிருந்தால் அது அவளுக்கும் வீடுதான் என்றது. அதே ஆண்டு டிசம்பரில், மூத்த குடிமக்கள் சட்டத்தைக் காட்டி மருமகளை வெளியேற்றிய பெங்களூரு வழக்கிலும், அந்தச் சட்டத்தால் இந்த உரிமையைப் பறித்துவிட முடியாது என்று தீர்ப்பானது.

இதற்காக வயதான பெற்றோரின் நிம்மதியைச் சட்டம் கைவிட்டுவிடவில்லை. இரு தரப்பையும் பார்த்து, தேவைப்பட்டால் மருமகளுக்கு வேறு வீடு ஏற்பாடு செய்யச் சொல்லவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. அதை முடிவு செய்ய வேண்டியது மாஜிஸ்திரேட். நம் செக்யூரிட்டியோ செயலாளரோ அல்ல. நீதிமன்ற உத்தரவு கையில் இல்லையென்றால் அவளை உள்ளே விட வேண்டியதுதான்.

பக்கத்து பிளாட்டில் சத்தம் கேட்டால் தலையிடலாமா என்று சிலர் தயங்குகிறீர்கள். சட்டத்தின் 4-ஆவது பிரிவுப்படி, யார் வேண்டுமானாலும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம். நல்லெண்ணத்தோடு சொன்னவர் மீது வழக்கு வராது. மாவட்ட சமூக நல அலுவலகத்தில் விசாரித்தால் அவரைத் தொடர்புகொள்ளலாம். பெண்களுக்கான உதவி எண் 181.

கேட் அருகே உள்ள பலகையில் பிளம்பர், எலக்ட்ரீஷியன், லிப்ட் கம்பெனி எண்கள் வரிசையாக இருக்கின்றன. அவற்றோடு 181-ஐயும் எழுதச் சொல்லிச் செயலாளரிடம் கேட்டிருக்கிறேன்.