பால் பல் அடைப்புப் பொருட்கள்

குழந்தைகளின் பால் பல்லில் விழும் சொத்தைக் குழியை நிரப்பும் பொருட்கள். பாறசாலை, நெய்யாற்றின்கரை போன்ற கேரள-தமிழ்நாடு எல்லை ஊர்களில் தமிழர் சொத்தைப் பல்லைப் பூச்சிப்பல் என்பார்கள், மலையாளிகள் புழுப்பல் என்பார்கள். பல்லில் புழுவோ பூச்சியோ இல்லை. இனிப்பைத் தின்னும் கிருமிகள் கக்கும் அமிலமே பல்லை அரிக்கிறது.

"விழப்போற பல்லுதானே" என்று விட்டுவிடுவதுதான் பெரிய கேடு. பின் கடைவாய்ப் பால் பல் 10 முதல் 12 வயது வரை நிற்கவேண்டியது. முன்கூட்டியே பிடுங்கினால் பக்கத்துப் பல் சாய்ந்து, பின்னால் முளைக்கும் பல்லின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

வலிக்கிற பல்லில் கிராம்பை வைத்துக் கடிக்கச் சொல்வது வீட்டு வைத்தியம். அந்தக் கிராம்பு எண்ணெயின் யூஜெனாலைத் துத்தநாக ஆக்சைடு பொடியோடு குழைத்தால் தற்காலிக அடைப்பு.

1959இல் திருவனந்தபுரத்தில் அரசு பல் மருத்துவக் கல்லூரி தொடங்கியபோது உலகெங்கும் கோலோச்சியது பாதரசமும் வெள்ளியும் கலந்த அமால்கம். அது பல்லோடு ஒட்டாது. பிடிப்புக்காக நல்ல பல்லையும் வெட்டவேண்டும். பால் பல்லின் எனாமலோ ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான், நரம்பறையும் பக்கத்திலேயே இருக்கிறது.

இந்தச் சிக்கலைத் தீர்த்தது கிளாஸ் அயனோமர். லண்டனில் ஆலன் வில்சனும் பிரையன் கென்ட்டும் உருவாக்கி, 1972இல் வெளியிட்டார்கள். பொடியையும் திரவத்தையும் அட்டைமேல் அரை நிமிடம்போலக் குழைப்பார்கள். பளபளப்பு மங்குவதற்குள் குழியில் வைத்துவிடவேண்டும், மங்கினால் ஒட்டாது. பல்லின் கால்சியத்தோடு பிணைந்துகொள்ளும். ஃபுளோரைடையும் மெல்லக் கசியவிடும். பெரிய குழிகளில் உடையும் என்பது இதன் குறை. ஆனாலும் மெஷின் சத்தத்துக்கே அலறும் பிள்ளைக்குக் கைக்கருவியால் சுரண்டியே இதை வைக்கலாம். மின்சாரம் இல்லாத ஊர்களுக்கென்று 1980களில் தான்சானியாவில் வளர்ந்த முறை அது.

பல் நிறத்திலேயே இருக்கும், நீல ஒளி பட்டு இறுகும் கம்போசிட்டைத் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனமும் உருவாக்கியது. அழகானது, ஆனால் எச்சில் பட்டால் பிடிக்காது. பல பக்கமும் அரித்த கடைவாய்ப் பல்லுக்கு 1950 முதல் வழக்கில் உள்ள எஃகு மூடியே உறுதி.

2022இல், பாதரசப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா ஒப்பந்தத்தின் நாடுகள் பால் பல்லுக்கும் 15 வயதுக்குட்பட்டோருக்கும் அமால்கம் வேண்டாமென முடிவெடுத்தன. மருத்துவர் அவசியம் எனக் கருதினால் மட்டும் விலக்கு. இந்தியா 2018இல் அந்த ஒப்பந்தத்தை ஏற்ற நாடு.