ராஜம், எஸ்.

எஸ். ராஜம் (1919–2010) கர்நாடக இசைப் பாடகர், ஓவியர். வீணை எஸ். பாலசந்தரின் அண்ணன். பாபநாசம் சிவனிடம் இசை பயின்றார். 1934இல் வெளிவந்த ‘சீதா கல்யாணம்’ படத்தில் இராமனாக நடித்தார். சென்னை ஓவியப் பள்ளியில் பயின்று, பின்னர் சென்னை வானொலியில் பணியாற்றினார். கோடீஸ்வர ஐயரின் 72 மேளகர்த்தாக் கீர்த்தனைகளைப் பரப்பியதும், விவாதி ராகங்களைத் தயக்கமின்றிப் பாடியதும் இவரது இசைப்பணியில் தலையாயவை.

ஓவியத்தில் அஜந்தா மரபை வழிகாட்டியாகக் கொண்டார். வளைந்தோடும் கோடும் அடங்கிய நீர்வண்ணமும் இவர் கைவண்ணம். தியாகராஜர், முத்துசுவாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரி ஆகிய மும்மூர்த்திகளுக்கு இவர் தந்த உருவமே இசை அரங்குகளிலும் வீடுகளிலும் பரவலாக நிலைத்தது. ஏழு சுரங்களையும் தீட்சிதரின் நவக்கிரகக் கீர்த்தனைகளையும் ஓவியமாக்கினார். சாகித்தியத்தின் பொருளைப் பாடகராக உள்வாங்கியிருந்ததே இப்படங்களின் தனிவலிமை.