அலரும் மேலும்

அலமேலு என்று ஒருமுறை நிதானமாகச் சொல்லிப் பாருங்கள். வல்லினம் ஒன்றுகூட இல்லாத பெயர். லகரம் இருமுறை நாவை மேலே தொடவைத்து இறக்க, இடையில் மேகாரம் மட்டும் நீண்டு நிற்கிறது. பாட்டிமாரின் பெயர் என்று நாம் ஒதுக்கிவைத்த இதன் முழுவடிவம் அலர்மேல்மங்கை. திருவாய்மொழியில் வேங்கடத்தானின் மார்பில் உறைபவளை நம்மாழ்வார் இப்பெயரால்தான் பாடுகிறார்.

அலர் என்றால் விரிந்த பூ. அலர்தல் என்னும் வினைக்கு விரிதல், பரத்தல் என்று பொருள். அகப்பாடல்களில் ஊரார் வாய்க்கு வந்துவிட்ட காதலும் அலர்தான்: சிலர் தமக்குள் முணுமுணுப்பது அம்பல், பலரறியப் பேசுவது அலர். மொட்டு மலராவதுபோல் பேச்சும் விரிகிறது என்று கண்ட மொழி நம்முடையது! தாயாரின் பெயரிலோ அச்சொல் தாமரையைக் குறிக்கிறது. திருச்சானூரில் அவளையே வடமொழிப் பெயரால் பத்மாவதி என்பர், பத்மமும் தாமரையே.

இனிப் பெயர் சுருங்கிய அழகைப் பாருங்கள். அலர்மேல் அமர்ந்த மங்கை என்னும் பொருளில் முதலில் வினை தொக்கது; பேச்சுவழக்கில் ரகர ஒற்று தேய்ந்தது; பால் என்பதைப் பாலு என்னும் நம் நாவே மேல் என்பதையும் மேலு ஆக்கியது. தெலுங்கில் அன்னமாச்சாரியார் அலமேலுமங்கா என்று பாடிப் பரவினார். அம்மொழியில் மேலு என்றால் நன்மை என்பதால், தமிழ் இடச்சொல் அங்கே இன்னொரு மங்கலமும் பெற்றது. கடைசியில் மங்கையும் உதிர்ந்தாள், அவளோடு பெயரிலிருந்த ஒரே வல்லினமும் உதிர்ந்தது. எஞ்சியவை பூவும் அதன் மேலிடமும் மட்டுமே. பெண்ணைச் சுட்டும் சொல்லே இல்லாத இத்தொடரைக் கேட்டதும் பெண்ணொருத்தி நினைவில் எழுகிறாள் என்பதை எண்ண எண்ண எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

நகரத்தார் வீடுகளில் அலமேலு ஆச்சி, வைணவ இல்லங்களில் அலமு, எங்கும் அலமேலம்மா என்று இப்பெயர் புழங்கியது. பரதக் கலைஞர் அலர்மேல் வள்ளியின் பெயரில் தேயாத ரகரத்தைக் காணும்போதெல்லாம் எனக்குள் ஒரு பெருமிதம். மகளுக்குப் பெயர் தேடுவோர் அலர்மேல்மங்கை என்றே எழுதிவைக்கலாம். வீட்டில் அலமு என்று கூப்பிட்டால் வாய் மணக்கும்.