இரண்டு ஷில்லிங் விமானமும் ஓய்வு பெற்ற தாத்தாக்களும்

பிரிட்டனில் வேலையிலிருந்து ஓய்வு பெறும் ஆண்கள் சிலர் செய்யும் ஒரு காரியம் வெளியாட்களுக்கு வேடிக்கையாக இருக்கும். கடைக்குப் போய், பிளாஸ்டிக் விமானம் ஒன்றின் பாகங்கள் அடங்கிய பெட்டியை வாங்கி வருகிறார்கள். சாப்பாட்டு மேசையில் பழைய செய்தித்தாளை விரித்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டுக்கொண்டு, பசையும் தூரிகையுமாக உட்கார்ந்துவிடுகிறார்கள். பேரனுக்கா என்று கேட்டால், இல்லை, தங்களுக்குத்தான்!

இவர்கள் புதிதாக எதையும் தொடங்கவில்லை. ஐம்பது வருடத்துக்கு முன்பு விட்ட இடத்திலிருந்து தொடர்கிறார்கள். ஒரு தலைமுறையே இப்படித் திரும்பி வருவது ஏன்? இதற்கான பதில் பிளாஸ்டிக்கின் வரலாற்றிலும், இரண்டாம் உலகப் போரின் வரலாற்றிலும், இரண்டு ஷில்லிங் என்ற ஒரு விலையிலும் இருக்கிறது.

மரத்திலிருந்து பிளாஸ்டிக்குக்கு

நிஜப் பொருளை ஒரே விகிதத்தில் சுருக்கிச் செய்வதுதான் அளவு மாதிரி. 1930களின் தொடக்கத்தில் பிரிட்டனில் 'ஸ்கைபேர்ட்ஸ்' என்ற பெயரில் மரத்தாலான விமான மாதிரிகள் விற்பனைக்கு வந்தன. அவற்றின் அளவு 1:72. அது என்ன 72? ஓர் அங்குலத்துக்கு ஆறு அடி என்று வைத்துக்கொண்டால் வரும் கணக்கு அது. ஆறு அடி மனிதன் ஓர் அங்குலம் ஆகிவிடுவான். இன்றும் விமான மாதிரிகளில் அதிகம் புழங்கும் அளவுகளில் இது ஒன்று.

1936-ல் 'ஃபிராக்' நிறுவனம் இதே அளவில் பிளாஸ்டிக் பாகங்களை வெளியிட்டது. ஏற்கெனவே பறக்கும் பொம்மை விமானங்களைச் செய்து வந்த நிறுவனம் அது. புதியவை பறக்காதவை என்பதால் 'பெங்குவின்' என்று பெயர் வைத்தார்கள்! உலகின் முதல் பிளாஸ்டிக் மாதிரித் தொகுப்புகளாகப் பொதுவாகக் குறிப்பிடப்படுபவை இவைதான். ஆனால் அந்தக் கால செல்லுலோஸ் அசிடேட் பிளாஸ்டிக்குக்கு ஒரு குறை உண்டு. நாளாக ஆக வளைந்து நெளிந்துவிடும்.

அடுத்து போர் வந்தது. வானில் வருவது நம் விமானமா, எதிரி விமானமா என்று நொடியில் கண்டுபிடிக்க வேண்டிய அவசியமும் வந்தது. 1942-ல் அமெரிக்கக் கடற்படை 5 லட்சம் மாதிரி விமானங்களை மரத்தில் செய்து தரும்படி பள்ளி மாணவர்களைக் கேட்டது. அவையும் 1:72 அளவுதான். 35 அடி தள்ளி நின்று அந்த மாதிரியைப் பார்த்தால், 2520 அடி தூரத்தில், அதாவது ஏறக்குறைய அரை மைல் தூரத்தில், நிஜ விமானம் தெரிவது போலவே தெரியும். வீரர்களுக்கு இப்படித்தான் பயிற்சி கொடுத்தார்கள்.

வூல்வொர்த்ஸ் கடையில் தொங்கிய பை

போருக்குப் பிறகு கதையின் நாயகன் ஏர்ஃபிக்ஸ். இதை 1939-ல் தொடங்கியவர் நிக்கோலஸ் கோவ். ஹங்கேரியிலிருந்து பிரிட்டனுக்கு வந்து குடியேறியவர். விமானத்துக்கும் இந்தப் பெயருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. முதலில் செய்தது காற்று நிரப்பும் ரப்பர் பொம்மைகள், பிறகு சீப்புகள்!

1949-ல் ஃபெர்குசன் டிராக்டர் நிறுவனத்துக்காக, அதன் விற்பனையாளர்கள் கையில் கொண்டுபோய்க் காட்ட ஒரு சிறிய பிளாஸ்டிக் டிராக்டரை ஏர்ஃபிக்ஸ் செய்தது. அதை முழுதாகப் பூட்டிக் கொடுப்பது சிரமமாக இருந்ததால் பின்னர் பாகங்களாகவே விற்றார்கள். 1952-ல் அடுத்த படி. மாலுமி ஃபிரான்சிஸ் டிரேக்கின் 'கோல்டன் ஹைண்ட்' கப்பலை வூல்வொர்த்ஸ் கடைகளுக்காகச் செய்தார்கள். விலை இரண்டு ஷில்லிங்குக்குள் அடங்க வேண்டும் என்பதால் அட்டைப் பெட்டி போய்ப் பிளாஸ்டிக் பை வந்தது, மேலே மடித்த ஒரு காகிதம். அசிடேட்டின் இடத்தில் பாலிஸ்டைரீன் வந்தது.

இந்தப் பாலிஸ்டைரீனில்தான் சூட்சுமம் இருக்கிறது. அச்சில் வார்த்தால் நுணுக்கமான கோடுகள்கூடத் தெளிவாக விழும். அதற்கான பசை உண்மையில் ஒட்டுவதில்லை, இரு பக்கத்தையும் லேசாகக் கரைத்து ஒன்றாக்கிவிடுகிறது. தச்சு வேலை தெரியாத எட்டு வயதுச் சிறுவனும் ஒரு சனிக்கிழமை மதியத்தில் விமானம் செய்துவிடலாம்.

இரண்டு ஷில்லிங் என்பது அன்றைய பவுண்டில் பத்தில் ஒரு பங்கு. சிறுவர்கள் கைச்செலவுக் காசைச் சேர்த்து வாங்கக்கூடிய விலை. சில ஆண்டுகளிலேயே ஸ்பிட்ஃபயர் விமானம் வந்தது. பிறகு வரிசையாகப் போர் விமானங்கள், கப்பல்கள், டாங்கிகள். 1964 முதல் சுமார் பத்தாண்டுகள் ராய் கிராஸ் என்ற ஓவியர் பெட்டிகளுக்கு வரைந்த படங்கள் இன்றும் பேசப்படுகின்றன. எரியும் எஞ்சின், பாயும் குண்டுகள், மேகங்களுக்கிடையே துரத்தல்... பெட்டிக்குள் இருப்பதோ சாம்பல் நிறப் பிளாஸ்டிக் துண்டுகள்!

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அந்தச் சிறுவர்களின் அப்பாக்களில் பலர் போரிலிருந்து திரும்பியவர்கள். வீட்டில் அதைப் பற்றி அதிகம் வாய் திறக்காதவர்கள். அப்பா பேசாத போரைப் பிள்ளைகள் பிளாஸ்டிக்கில் செய்து, நூலில் கட்டி, படுக்கையறைக் கூரையில் தொங்கவிட்டார்கள்.

சரிவு

1970களில் நிலைமை மாறியது. பாலிஸ்டைரீன் பெட்ரோலியத்திலிருந்து வருவது. 1973 எண்ணெய் நெருக்கடியில் மூலப்பொருள் விலை எகிறியது. ஃபிராக் தயாரிப்பு 1976-ல் முடிவுக்கு வந்தது. அதன் அச்சுகளில் பெரும்பகுதி சோவியத் யூனியனுக்குப் போனது. ஜெர்மானிய, ஜப்பானிய விமானங்களின் அச்சுகளை மட்டும் சோவியத் தரப்பு ஏற்கவில்லை. போரின் காயம் பொம்மை வரை வந்தது! ஏர்ஃபிக்ஸ் 1981-ல் நொடித்தது, பல கைகள் மாறி 2006-ல் ஹார்ன்பி நிறுவனத்திடம் வந்து சேர்ந்தது.

பிள்ளைகள் கணினி விளையாட்டுகளுக்குப் போய்விட்டார்கள். முன்பு செய்தவர்களோ வளர்ந்து வேலை, கல்யாணம், வீட்டுக் கடன் என்று ஓடிக்கொண்டிருந்தார்கள்.

திரும்பி வந்தவர்கள்

ஒரு எளிய கணக்கு. 1960-ல் பத்து வயதுச் சிறுவனாக இருந்தவருக்கு 2015-ல் 65 வயது. ஓய்வூதியம் வருகிறது, பிள்ளைகள் தனிக்குடித்தனம் போய்விட்டார்கள், ஓர் அறை காலியாக இருக்கிறது. கையில் நேரம் இருக்கிறது. மாதிரி செய்ய வேண்டியது இவ்வளவுதானே?

ஆனால் திரும்பி வரும்போது உலகம் மாறியிருந்தது. பிரிட்டனின் வூல்வொர்த்ஸ் கடைகள் 2009 ஜனவரியோடு மூடப்பட்டுவிட்டன. நெடியடிக்கும் எனாமல் வர்ணத்துக்குப் பக்கத்தில் தண்ணீரில் கழுவக்கூடிய அக்ரிலிக் வந்துவிட்டது. விமானி இருக்கையின் பெல்ட்டைக்கூடப் பித்தளைத் தகட்டில் தனியாக விற்கிறார்கள்.

உடம்பும் மாறியிருந்தது. 1:72 அளவில் ஸ்பிட்ஃபயரின் இரு இறக்கைகளும் சேர்ந்து 15.6 சென்டிமீட்டர்தான், ஒரு சாணுக்கும் குறைவு. அதன் சக்கரமோ விரல் நுனியில் நிற்கும். கை லேசாக நடுங்கினாலும் போதும், சக்கரம் தரையில் விழும், பிறகு கம்பளத்தில் மண்டியிட்டுத் தேட வேண்டியதுதான். அதனால் பலர் 1:48, 1:32 என்று பெரிய அளவுகளுக்கு மாறுகிறார்கள். தலையில் மாட்டும் பூதக்கண்ணாடியும் நல்ல விளக்கும் வாங்குகிறார்கள்.

செய்யும் விதமும் வேறு. அன்று ஒரு மதியத்தில் முடித்ததை இன்று இரண்டு மாதம் செய்கிறார்கள். உப்புத்தாளால் தேய்த்து, இடைவெளியில் புட்டி பூசி, மறுபடி தேய்த்து... இந்த விமானம் எந்தப் படைப்பிரிவைச் சேர்ந்தது, எந்த மாதத்தில் என்ன நிறம் பூசப்பட்டிருந்தது, யார் ஓட்டினார் என்று தேடுகிறார்கள். சிலர் தேடுவது தங்கள் அப்பா இருந்த படைப்பிரிவை. அவர் உயிரோடு இருந்தபோது கேட்காத கேள்விகளுக்கு இப்போது பதில் தேடுகிறார்கள். பழைய ஞாபகம், பொழுதுபோக்கு என்ற இரண்டு சொற்களில் இது அடங்காது.

இவர்களுக்குத் துணையும் உண்டு. 1963-ல் பிரிட்டனில் தொடங்கப்பட்ட சர்வதேச பிளாஸ்டிக் மாதிரியாளர் சங்கத்துக்குப் பல நாடுகளில் கிளைகள் இருக்கின்றன. டெல்ஃபோர்ட் நகரில் அது நடத்தும் கண்காட்சிக்குப் பிற நாட்டுக்காரர்களும் வருகிறார்கள். மனைவியை இழந்தவருக்கும், அலுவலகம் போய்ப் பழகியவருக்கும் மாதம் ஒரு நாள் சங்கக் கூட்டம் என்பது சின்ன விஷயம் அல்ல.

அடுத்தது யார்?

சிறுவயதில் காசில்லாமல் ஏங்கியவர்கள் இன்று பெட்டி பெட்டியாக வாங்கி அடுக்குகிறார்கள். பலரது அலமாரியில் இருப்பதைச் செய்து முடிக்க இன்னொரு ஆயுள் வேண்டும்! அவர்கள் இறந்த பிறகு அந்தப் பெட்டிகளை என்ன செய்வது என்று குடும்பத்தாருக்குத் தெரிவதில்லை. சங்க நண்பர்கள் வந்து தரம் பிரித்து விற்றுக் கொடுப்பதும் உண்டு. செய்து முடித்த மாதிரிகளின் கதி இன்னும் மோசம். தூசு படிந்த முந்நூறு விமானங்களை யார் வைத்துக்கொள்வார்கள்?

ஜப்பானில் நிலைமை கொஞ்சம் வேறு. 1980-ல் பண்டாய் நிறுவனம் தொடங்கிய 'குண்டம்' ரோபோ மாதிரிகள் புதிய தலைமுறைகளை உள்ளே இழுத்தன. அவற்றில் இப்போது வருபவற்றுக்குப் பசையும் தேவையில்லை, வர்ணமும் தேவையில்லை. ஆனால் அந்தப் பிள்ளைகள் செய்வது கற்பனைப் போரை. ஸ்பிட்ஃபயர் அவர்களுக்குத் தாத்தாவின் விமானம்கூட இல்லை, கொள்ளுத்தாத்தாவின் விமானம்.

ஆக, இன்று ஓய்வு பெற்றுத் திரும்பி வரும் இந்தத் தலைமுறை ஒரு வகையில் கடைசித் தலைமுறை. போரில் இருந்தவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து அந்த விமானங்களைச் செய்தவர்கள் இவர்கள் மட்டும்தான். இவர்களுக்குப் பிறகும் பெட்டிகள் விற்கும், பசை இருக்கும், சங்கங்களும் இருக்கலாம். ஆனால் எண்பது வயதில் ஒருவர் நடுங்கும் கையால் ஒரு சிறு சக்கரத்தை ஒட்டும்போது அவர் மனதில் ஓடுவது என்ன என்பதைப் பெட்டியில் போட்டு விற்க முடியாது. வீட்டில் அப்படி ஒரு தாத்தா இருந்தால், "இது என்ன விமானம்?" என்று இப்போதே கேட்டுவிடுவது நல்லது.