கைவட்ட ரம்பம்

கைவட்ட ரம்பம் என்பது விளிம்பில் பற்கள் கொண்ட வட்டத் தகட்டை மின்னோடியால் சுழற்றி, மரம், ஒட்டுப்பலகை முதலியவற்றை அறுக்கும் கைக்கருவி ஆகும். இது கைவட்ட வாள் என்றும், பட்டறைகளில் சர்க்குலர் சா என்றும் அழைக்கப்படுகின்றது. மேசை வட்ட ரம்பத்தில் ரம்பம் நிலையாக இருக்க மரம் நகர்த்தப்படும். இதில் மரம் நிலையாக இருக்க ரம்பம் நகர்த்தப்படுகின்றது.

பரவலாகப் பயன்படும் 184 மி.மீ. (7¼ அங்குலம்) விட்டமுள்ள தகடு நிமிடத்துக்கு 5,500 சுற்றுகள் சுழலும்போது, அதன் பற்கள் நொடிக்கு ஏறத்தாழ 53 மீட்டர், அதாவது மணிக்கு 190 கி.மீ. வேகத்தில் செல்கின்றன. இவ்வேகத்தில் ஆபத்தை உணர்ந்தபின் கையை விலக்கிக்கொள்ள நேரம் இருப்பதில்லை. எனவே பாதுகாப்பு, அறுக்கத் தொடங்குமுன் செய்யும் ஏற்பாடுகளையே பெரிதும் சார்ந்துள்ளது.

வரலாறு

இங்கிலாந்தைச் சேர்ந்த சாமுவேல் மில்லர் 1777 இல் பெற்ற காப்புரிமையில் வட்ட ரம்பம் குறிப்பிடப்பட்டுள்ளது. கையில் ஏந்தத்தக்க மின்ரம்பத்தை 1920களில் அமெரிக்காவில் எட்மண்ட் மிஷல் உருவாக்கினார். இவரும் ஜோசப் சலிவனும் 1924 இல் தொடங்கிய நிறுவனம் பின்னர் ஸ்கில்சா எனப் பெயர் பெற்றது. இதனால் வட அமெரிக்காவில் இக்கருவியையே ஸ்கில்சா என அழைக்கும் வழக்கமும் உண்டு.

முதன்மைப் பாகங்கள்

- தகடு: எஃகால் ஆனது. இன்றைய தகடுகளின் பல்முனைகளில் பெரும்பாலும் டங்ஸ்டன் கார்பைடு பற்றவைக்கப்பட்டிருக்கும். 24 பற்கள் கொண்ட தகடு விரைவாகவும், 40 முதல் 60 பற்கள் கொண்டது வழவழப்பாகவும் அறுக்கும்.
- மேல் மூடி: தகட்டின் மேற்பாதியை மறைக்கும் நிலையான காப்பு.
- கீழ் மூடி: அறுக்கும்போது மரத்தால் தள்ளப்பட்டுத் திறந்து, மரத்தை விட்டு ரம்பம் வெளியே வந்ததும் சுருள்வில்லின் விசையால் தானே மூடிக்கொள்ளும் காப்பு.
- அடித்தட்டு: மரத்தின் மேல் பதிந்து நகரும் தட்டையான பகுதி. அறுக்கும் ஆழமும் சாய்வும் இதைக் கொண்டே அமைக்கப்படுகின்றன.
- பிளவுக் கத்தி: தகட்டின் பின்னால் நின்று, அறுத்த தடம் மூடிக்கொள்ளாமல் தடுக்கும் மெல்லிய தகடு. ஐரோப்பிய வடிவங்கள் பலவற்றில் இது உண்டு; வட அமெரிக்க வடிவங்களில் பெரும்பாலும் இல்லை.

பின்னுதைப்பு

சுழலும் ரம்பம் திடீரென மரத்திலிருந்து எழும்பி, அறுப்பவரை நோக்கிப் பாய்வது பின்னுதைப்பு எனப்படும். இக்கருவியால் நேரும் கடும் காயங்களுக்கு இது முக்கியமான காரணமாகும். தகட்டின் கீழ்விளிம்பு முன்னோக்கிச் சுழல்கின்றது. அறுத்த தடம் நெருங்கித் தகட்டைக் கவ்வினால், தகடு சுழல முடியாத நிலையில் மின்னோடியின் விசை முழுக் கருவியையும் பின்னோக்கித் தள்ளுகின்றது.

பலகையின் இரு முனைகளை மட்டும் தாங்கி நடுவில் அறுத்தால் தடம் நெருங்கும். அறுபட அறுபடப் பலகை நடுவில் தொய்ந்து, தடத்தின் மேல்வாய் மூடிக்கொள்ளும். மழுங்கிய பற்கள், ஈரமான அல்லது முறுக்கேறிய மரம், அறுக்கும்போது ரம்பத்தைக் கோணலாகத் திருப்புதல் ஆகியனவும் பின்னுதைப்புக்குக் காரணமாகின்றன.

பாதுகாப்பாக அறுக்கும் முறை

- சிறிய துண்டை அறுக்கும்போது அது தாங்கலுக்கு வெளியே நீண்டு, அறுபட்டதும் தடையின்றி விழ வேண்டும். பெரிய ஒட்டுப்பலகையைத் தடத்தின் இருபுறமும் முழு நீளத்துக்கும் தாங்க வேண்டும். தரையில் தடித்த தெர்மோகோல் பலகையைப் பரப்பி, அதன்மேல் வைத்து அறுப்பது எளிய வழி.
- தகடு மரத்தின் அடிப்பக்கத்தில் ஒரு பல்லின் உயரத்துக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கக்கூடாது.
- மரத்தைக் கையாலோ காலாலோ பிடிக்காமல் கிளாம்ப் கொண்டு இறுக்கி, ரம்பத்தை இரு கைகளாலும் பிடிக்க வேண்டும்.
- தகட்டின் நேர்ப்பின்னால் நிற்காமல் சற்றுப் பக்கவாட்டில் நிற்க வேண்டும்.
- தகடு முழு வேகத்தை அடைந்த பின்னரே மரத்தைத் தொட வேண்டும்.
- தகடு சிக்கினால் சுவிட்சை விட்டு, சுழற்சி நிற்கும்வரை ரம்பத்தை அசைக்காமல் வைத்திருக்க வேண்டும். ஓடும் ரம்பத்தைப் பின்னோக்கி இழுக்கக்கூடாது.
- பழைய மரத்தில் ஆணிகள் உள்ளனவா என முதலில் பார்க்க வேண்டும்.

பற்கள் கீழிருந்து மேலாக அறுப்பதால் மேற்பரப்பிலேயே சிம்புகள் பெயரும். எனவே பலகையின் நல்ல முகத்தைக் கீழ்நோக்கி வைப்பது வழக்கம்.

காப்புக் கண்ணாடி, காதுக் காப்பு, முகக் கவசம் ஆகியன தேவை. மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாகப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியுள்ளது. தளர்ந்த உடை, துண்டு, தொங்கும் அணிகலன் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும்.

தவறான பயன்பாடுகள்

அறுப்பதற்கு எளிதாக இருக்கும் எனக் கீழ் மூடியைக் கம்பியால் கட்டியோ ஆப்பு வைத்தோ திறந்தே வைக்கும் பழக்கம் மிகவும் ஆபத்தானது. சுவிட்சை விட்ட பின்னும் தகடு சில நொடிகள் சுழலும். அந்நிலையில் ரம்பத்தைக் கீழே வைத்தால் அது தரையிலோ காலிலோ ஏறக்கூடும்.

இந்தியாவில் கல்லறுக்கும் மார்பிள் கட்டரிலும் கோணச் சாணையிலும் மரம் அறுக்கும் பல்தகட்டைப் பொருத்துவது பரவலாகக் காணப்படுகின்றது. இக்கருவிகள் நிமிடத்துக்கு 10,000 சுற்றுகளுக்கு மேல் சுழல்பவை. தானே மூடும் கீழ் மூடி அற்றவை. தகட்டின் மீது பொறிக்கப்பட்டுள்ள உச்ச வேகம் கருவியின் வேகத்தைவிடக் குறைவாக இருந்தால் பற்கள் பெயர்ந்து தெறிக்கக்கூடும்.

பராமரிப்பு

எந்தப் பராமரிப்புக்கும் முன் மின்செருகியைப் பிடுங்கிவிட வேண்டும். மின்கலத்தால் இயங்குவதாயின் கலத்தைக் கழற்ற வேண்டும். சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது.

- கீழ் மூடியைக் கையால் திறந்து விட்டுப் பார்க்க வேண்டும். உடனே முழுமையாக மூடாவிட்டால், படிந்துள்ள பிசினையும் தூளையும் அகற்றவோ சுருள்வில்லை மாற்றவோ வேண்டும். அதுவரை கருவியைப் பயன்படுத்தக்கூடாது.
- தகட்டில் படியும் பிசின் சூட்டை உண்டாக்கும். தகட்டைக் கழற்றித் துப்புரவுக் கரைசலில் ஊறவைத்து, தூரிகையால் தேய்த்து, துடைத்துக் காயவைக்க வேண்டும்.
- வெடித்த, வளைந்த, பல்லிழந்த தகட்டைப் பயன்படுத்தக்கூடாது.
- தகட்டை இறுக்கும் மரையாணி, தகடு அறுக்கும்போது சுழலும் திசையில் திருப்பினால் தளரும், எதிர்த்திசையில் இறுகும்.
- மூலைமட்டத்தை வைத்து, அடித்தட்டுக்குத் தகடு 90 பாகையில் உள்ளதா எனச் சரிபார்க்க வேண்டும்.
- காற்றுத் துளைகளைத் தூசின்றி வைக்க வேண்டும். கார்பன் பிரஷ் உள்ள மின்னோடிகளில் அவை தேய்ந்ததும் இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

காயம் நேர்ந்தால்

சுத்தமான துணியால் காயத்தை அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி வைத்து, உடனே மருத்துவ உதவியை அழைக்க வேண்டும் (தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990). துண்டான விரலை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, நீர் புகாத பையில் இட்டு மூடி, அப்பையைப் பனிக்கட்டியின் மேல் வைத்துக் கொண்டுசெல்ல வேண்டும். விரலில் பனிக்கட்டி நேரடியாகப் படக்கூடாது. திசு உறைந்து பழுதானால் மீண்டும் பொருத்துவது கடினமாகும்.

இவற்றையும் பார்க்கவும்

- ரம்பம்
- கோணச் சாணை
- தச்சுத் தொழில்
- முதலுதவி